ஹென்றியின் பெட்டியில் வைத்தது

அன்று காலை ஒன்பதரைக்கு நான் ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது கரண்ட் இல்லை. அது ஒன்றும் புதிதில்லை. பீச் ரோட்டில் இருந்து திரும்புகிற சந்தில், ஒரு காலத்தில் சங்கு அடுக்கி வைத்திருந்த பழைய கிடங்கின் மாடியில்தான் எங்கள் கல்லூரியின் கடல் உயிர் ஆய்வகம் இருக்கிறது. ஆய்வகம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு மேசை, வெந்நீர்த் தொட்டி ஒன்று, ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கிற மெஷின் ஒன்று, இன்வெர்ட்டரில் ஓடுகிற பிரீசர் ஒன்று, அப்புறம் நான். கீழ்த்தளத்தில் இருந்து காய்ந்த சங்குச் சதையின் வாடை படியேறி வரும். எத்தனை முறை பினாயில் ஊற்றிக் கழுவினாலும் போகாது.

ஆறு வருடமாக இதே வாடையில் உட்கார்ந்திருக்கிறேன். விளாத்திகுளத்தில் இருந்து அம்மா போன் செய்யும்போதெல்லாம், "ஏளா வடிவு, இன்னுமா முடியல?" என்றுதான் ஆரம்பிப்பாள். சண்முகவடிவு, முனைவர் பட்ட ஆய்வாளர் என்று கதவில் ஒட்டிய சீட்டுகூட வெளுத்துவிட்டது. ஆய்வேட்டை ஒப்படைக்கப் பதினெட்டு நாள்தான் பாக்கி. இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது, மூன்றாவது கிடையாது.

ரத்தம் உறையாமல் இருக்கப் போடுகிற ஹெப்பாரின் மருந்தைப் பெரும்பாலும் பன்றிக் குடலில் இருந்து எடுக்கிறார்கள். அதே வேலையைச் செய்கிற பொருள் சங்குச் சதையிலும் இருக்கிறது என்று காட்டுவதுதான் என் ஆராய்ச்சி. சோதனை எளிது. மனித ரத்தத்தைச் சுழற்றினால் மேலே மஞ்சளாகத் தெளியும் நீர் பிளாஸ்மா. அதை உடம்புச் சூட்டில் வைத்து, உறைய வைக்கிற மருந்தைச் சேர்த்து, குழாயைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். நாற்பது விநாடிக்குள் கூழாக உறைந்துவிடும். சங்குச் சாறும் சேர்த்தால் தாமதமாக உறையும். எவ்வளவு தாமதம் என்பதில்தான் என் பட்டம் இருக்கிறது. ஆனால் முதலில் சாறு சேர்க்காத வெறும் குழாய் ஒழுங்காக உறைந்து காட்ட வேண்டும். அதோடு, தொடங்கிய சோதனையை அதே ஆளின் பிளாஸ்மாவில்தான் முடிக்க வேண்டும்.

அந்த ஆள் ஹென்றி.

ஹென்றி திரேஸ்புரத்துச் சங்குகுளிக்காரர், கடலில் மூழ்கிச் சங்கெடுக்கிறவர். வாரம் ஒருமுறை எனக்குச் சங்குச் சதை கொண்டுவந்து தருவார். ரத்தம் கொடுக்க ஆள் கிடைக்காமல் நான் அல்லாடியபோது, தானாகவே சட்டைக் கையை மடித்து, "எடுத்துக்கிடுங்க டீச்சர், பாறையில கிழிச்சு கடல்ல விட்டது போக மிச்சம்தான்" என்று சிரித்தார். அந்த ரத்தத்தில் இருந்து பிரித்ததில் ஆறு குப்பி பிளாஸ்மா பிரீசரில் மிச்சம் இருந்தது. ஹென்றிதான் மிச்சம் இல்லை. பதினாறு நாளுக்கு முன் சங்கெடுக்க மூழ்கியவர் மேலே வரவில்லை. ஒரு வாரம் படகுகள் தேடின. ஒரு துணிகூடக் கிடைக்கவில்லை.

பதினோரு மணிக்கு அவர் மனைவி ஜெசிந்தா படியேறி வந்தாள். கண் வீங்கியிருந்தது, ஆனால் அழவில்லை. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"நாளைக்குப் பெட்டி அடக்கம் வச்சிருக்கோம் டீச்சர்."

"உடம்பு..." என்று இழுத்தேன்.

"கெடைக்கலல்லா. அவிய சட்டையும் கைலியும் வச்சு அடக்குங்காவ. சட்டை உடம்பாயிருமா?" பிரீசரைத் திரும்பிப் பார்த்தாள். "அவிய ரத்தம் இங்கன இருக்குல்லா. அதத் தாங்க. அவிய உடம்புன்னு கரையில இருக்கது அது ஒண்ணுதான்."

நாளைக்கு வாங்க, எடுத்து வைக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அவள் போனதும் ஆவுடையப்பன் சாருக்கு, அதாவது என் வழிகாட்டிக்கு, போன் செய்தேன்.

"ஏம்மா, கிறுக்கா ஒனக்கு? ஆறு குப்பிதான் இருக்கு. ஒண்ணு போனாலும் ஆறு வருஷமும் போச்சு. இல்லன்னு சொல்லிரு."

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொடுக்கவும் மனம் வரவில்லை. அதனால் இரண்டுக்கும் நடுவே ஒன்றைச் செய்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

பிளாஸ்மா மஞ்சள் நீர். அதைக் கொடுத்தால் ஜெசிந்தா இது ரத்தமா என்று கேட்பாள். அவளுக்கு வேண்டியது சிவப்பு. சிவப்புக்கு எங்கே போவது? என் இடது கையில் நானே கட்டுப் போட்டு, ஊசி ஏற்றி, ரத்தம் உறையாமல் இருக்கச் சிட்ரேட் உப்புப் போட்ட இரண்டு குழாய் நிறைய எடுத்தேன். ஆய்வாளர்கள் அவசரத்துக்குச் செய்கிற வேலைதான், எழுத்தில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒரு குழாயில் ஹென்றியின் பெயரை எழுதி ஒட்டினேன். இன்னொன்றைச் சுழற்றிப் பிரித்து, பிறகு பயன்படட்டும் என்று எடுத்து வைத்தேன். செத்தவருக்கு என்ன தெரியப் போகிறது, ஜெசிந்தாவுக்கும் ஆறுதல், எனக்கும் பட்டம் என்று நினைத்தேன். என் கெட்டிக்காரத்தனம் அவ்வளவுதான்.

மறுநாள் கல்லறைத் தோட்டத்துக்கு நானும் போயிருந்தேன். பெட்டியை மூடுவதற்கு முன் ஜெசிந்தா நான் கொடுத்த குழாயை முத்தமிட்டு, உள்ளே இருந்த ஹென்றியின் சட்டைப் பையில் வைத்து, பொத்தானைப் போட்டாள். பங்குச் சாமியார் ஜெபம் சொன்னார். பெட்டி இறங்கியது. முதல் பிடி மண் விழுந்தபோது எனக்கு ஒரு கணம் மூச்சு அடைத்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த நாள் நண்பகலில் சோதனையைத் தொடங்கினேன். வெளியே வெள்ளை வெயில். ஹார்பருக்குப் போகிற லாரிகளின் சத்தம் ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தது. ஹென்றியின் முதல் குப்பியை உருக வைத்து, சாறு சேர்க்காத வெறும் குழாயைத் தயார் செய்து, ஸ்டாப்வாட்சை அழுத்தினேன்.

நாற்பது விநாடி. உறையவில்லை.

இரண்டு நிமிடம். தண்ணீராகவே இருந்தது.

மருந்து கெட்டிருக்கும் என்று புதுப் பாட்டிலைப் பிரித்தேன். இரண்டாவது குப்பியும் உறையவில்லை. தொட்டியின் சூட்டை இரண்டு வெப்பமானியில் பார்த்தேன், சரியாக இருந்தது. மூன்றாவதும் உறையவில்லை. கண்ணாடிக் குழாய்களை எல்லாம் மாற்றி நான்காவதைப் போட்டேன், அதுவும் அப்படியே. சரிபார்ப்பதற்கென்று கம்பெனியில் இருந்து வருகிற பிளாஸ்மா ஒன்று உண்டு. அதை அதே மருந்தில் போட்டுப் பார்த்தேன். முப்பத்திரண்டு விநாடியில் அழகாக உறைந்தது. அப்படியானால் மருந்தில் குறையில்லை, சூட்டில் குறையில்லை, என் கையிலும் குறையில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக ஆறு வருடம் கண்முன்னே உடைந்துகொண்டிருந்தது. அழுகையும் ஆத்திரமுமாக ஐந்தாவது குப்பியை எடுத்துக் குழாயில் ஊற்றித் தொட்டியில் வைத்தேன்.

"உறைஞ்சு தொலையேன்!" என்று சத்தமாகவே கத்தினேன்.

லாரிச் சத்தம் நின்றது.

தொட்டித் தண்ணீரில் ஒரு குமிழி வந்தது.

உடம்புச் சூட்டுத் தண்ணீர் கொதிக்காது. ஆனாலும் குழாய் நின்ற இடத்துக்கு நேர் கீழே இருந்து இன்னொரு குமிழி வந்து உடைந்தது. பிறகு ஒன்று. பிறகு வரிசையாக, அவசரமே இல்லாமல், அடியில் இருக்கிற யாரோ மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற மாதிரி வந்தன. வாடையும் மாறியது. காய்ந்த சதையின் வாடை போய், அப்போதுதான் கடலில் இருந்து எடுத்த சங்கின் பச்சை வாடை அறை முழுக்க நின்றது.

குமிழிகள் நின்றன.

என் பிடரிக்குப் பின்னால், மிக அருகில், யாரோ நீரில் இருந்து தலையை வெளியே எடுத்தது போல நீளமாக மூச்சு விட்டார்கள்.

நான் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. மறுபடி லாரி ஓடியபோது தொட்டியில் இருந்த ஐந்தாவது குழாயை எடுத்துச் சாய்த்துப் பார்த்தேன். தண்ணீர்.

எடுத்து வைத்திருந்த என் பிளாஸ்மா ஞாபகம் வந்தது. அதையும் ஏன் போட்டுப் பார்த்தேன் என்று தெரியவில்லை. நாற்பது விநாடி, இரண்டு நிமிடம், பத்து நிமிடம். அதுவும் உறையவில்லை. அப்போதுதான் இடது கையைக் கவனித்தேன். ஊசி குத்திய இடத்தில் இரண்டு நாளுக்கு முன் வைத்த பஞ்சு சிவந்து நனைந்திருந்தது.

சாருக்குப் போன் செய்தபோது எதிர்முனையில் சந்தோஷம் பொங்கியது. "சாறே சேர்க்காம உறையாத பிளாஸ்மாவா? ஏம்மா, சங்குச் சாறெல்லாம் கெடக்கட்டும், இதான் கண்டுபிடிப்பு! கடைசிக் குப்பியத் தொடாத. நாளைக்கே ஐஸ் போட்டு சென்னைக்கு அனுப்பு. பட்டம் என்ன, ஒன் பேரே நிக்கும்." ஆறு வருடத்தில் அவர் என்னிடம் இவ்வளவு பிரியமாகப் பேசியதே இல்லை. பயந்துபோய் இருந்தேன். அந்தப் பயத்திலும் ஆசை வந்தது, அதையும் மறைப்பதற்கில்லை. பெட்டியில் ஐஸ் நிரப்பி, சீட்டு எழுதி, தயாராக வைத்தேன்.

மறுநாள் காலை கூரியர்காரனுக்காகக் காத்திருந்தபோது ஜெசிந்தாதான் வந்தாள். இந்த முறை உட்கார்ந்தாள்.

"டீச்சர், நேத்து மத்தியானம் அவிய வந்தாவ."

"சோறு வடிச்சுக்கிட்டு இருந்தேன். வாசல்ல நிக்காவ, உடம்பெல்லாம் தண்ணி சொட்டுது. உள்ள வாங்கன்னேன், வரல. பெட்டி வச்சாச்சே, போய்ப் படுங்கன்னேன்." குரல் சன்னமாகிக்கொண்டே போனது. "அதுக்கு அவிய, நான் போனேன், எவளோ ஒரு பொம்பள உள்ள படுத்திருக்கா, எனக்கு எடமில்லங்காவ."

"யாருன்னு..." என்று ஆரம்பித்தேன்.

"கேட்டேன். மொகம் தெரியலையாம். எடது கைய மடக்கி வச்சிக்கிட்டு படுத்திருக்காளாம்."

நான் கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டேன். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். உன் புருஷன் பெட்டியில் இருப்பது என் ரத்தம் என்று அவள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? என்னால் முடியவில்லை. கோழை நான். ஐஸ் பெட்டியைப் பிரித்து, கடைசிக் குப்பியை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

"ஒண்ணு விட்டுப்போச்சு ஜெசிந்தா. இதுவும் அவரோடதுதான். இதையும் கல்லறை மண்ணுக்குள்ள வச்சிருங்க."

அவள் மஞ்சள் நீரைப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. மாராப்பில் முடிந்துகொண்டு படியிறங்கிப் போனாள். பின்னாலேயே கூரியர்காரன் வந்து, அனுப்ப ஒன்றுமில்லை என்றதும் முனகிக்கொண்டே திரும்பினான். அன்று மாலை சார் போனில் கத்திய கத்தல் சந்து முனை வரை கேட்டிருக்கும். பதினெட்டு நாள் கெடு வந்தது, போனது. கதவில் இருந்த சீட்டைக் கிழித்துவிட்டார்கள்.

கையில் ரத்தம் மட்டும் நிற்கவில்லை. கொட்டுகிற அளவு இல்லை, கசிகிறது. பாளையங்கோட்டையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினேன். ரத்தம் எடுத்து, உறையும் நேரம் எல்லாம் நார்மல் என்று எழுதிக் கொடுத்தார்கள். என் கண்முன்னே அந்தச் சீட்டின் ஓரத்தில் ஒரு சொட்டு விழுந்து பரவியது. நர்ஸ் அதைத் துடைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

ஒரு மாதம் கழித்து ஜெசிந்தா போன் செய்தாள். குரலில் தெளிவு இருந்தது.

"டீச்சர், நீங்க நல்லா இருக்கணும். நேத்து அவிய கடைசியா வந்துட்டுப் போயிட்டாவ. உடம்புல தண்ணியே இல்ல. எடம் கெடச்சிட்டாம்."

"அப்படியா?" என்றேன். அழுகை வந்துவிட்டது. "அப்ப அந்தப் பொம்பள?"

"அவ எங்க போவா? ஓரமா ஒதுங்கி எடம் விட்டாளாம்." ஜெசிந்தா கொஞ்சம் தயங்கினாள். "அவளுக்குத்தான் உள்ள மூச்சு முட்டுதாம், பாவம். என்னைய எப்ப வெளிய எடுப்பாவன்னு அவியகிட்டயே கேட்டுக்கிட்டு கெடக்காளாம்."