புதைந்த வால்வு

"ஐயோ...! என் சாமீ...!"

ராசம்மாளின் அலறலில், அறுக்காமல் நின்ற சம்பா வயல்களிலிருந்து கொக்குகள் மொத்தமாய் எழும்பின.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்று, தை மாதம்.

வாய்க்கால் கரையில், தோண்டிய குழிக்குள் குப்புறக் கிடந்தான் அவள் புருஷன் அரசப்பன். பஞ்சாயத்து வாட்டர் டேங்க்கின் ஆபரேட்டர். பின்மண்டையில் கடப்பாரை அடி!

சேதி கேட்டு நீடாமங்கலத்திலிருந்து சைக்கிளில் விரைந்து வந்த ஓவர்சியர் குஞ்சிதபாதத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெள்ளம் வந்தால் எந்த ஊர்க் குடிநீர் எத்தனை நாள் தாங்கும் என்று ஆய்வு செய்ய, போன மாதம்தான் இங்கே வந்திருந்தார். ஒவ்வொரு குழாயாகக் கூடவே நடந்து காட்டியவன் இந்த அரசப்பன்.

சப்-இன்ஸ்பெக்டர் தங்கமணி குழியை எட்டிப் பார்த்தார்.

"கூலித் தகராறு சார். தெற்குத் தெரு ஆளுங்க அறுப்புக்கு வரலை. மிராசுதார் வைத்தியலிங்கம்தான் பஞ்சாயத்துத் தலைவர். அந்தத் தெருவுக்குப் போற பெரிய வால்வை மூடிப் பூட்டு போட்டுட்டாரு. வேலியே பயிரை மேயுது! ஆனா பதினோரு நாளா தண்ணி மட்டும் நிக்கவே இல்லை... எப்படி?"

குஞ்சிதபாதம் குழிக்குள் கை காட்டினார். "இதோ, இந்தப் பழைய வால்வு வழியா. மண்ணுக்குள்ள புதைஞ்சு கிடக்கு. அரசப்பன்தான் திறந்து விட்டிருப்பான்."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

ராசம்மாள் நிமிர்ந்தாள்.

"அவருக்கு, எனக்கு, இந்த ஓவர்சியர் ஐயாவுக்கு... வேற ஈ காக்காய்க்குத் தெரியாதுங்க! காட்டிக்குடுத்த பாவி யாருங்க ஐயா? அதை மட்டும் கண்டுபுடிச்சுச் சொல்லுங்க!"

"கண்டுபிடிக்காம ஊரை விட்டுப் போக மாட்டேன் ராசம்மா!" குஞ்சிதபாதம் அவள் முன் கைகூப்பினார்.

மதியத்துக்குள் மிராசுதார் வீட்டு வைக்கோல் போரில் ரத்தக் கறையோடு கடப்பாரை கிடைத்தது. கையில் விலங்கோடு நின்ற வைத்தியலிங்கத்தின் சட்டையைப் பிடித்தார் குஞ்சிதபாதம்.

"உமக்கு யாருய்யா சொன்னது?"

"நீங்கதான்!"

"பொய்! நான் ஒருத்தர்கிட்டயும் வாயைத் திறக்கலை!"

மிராசுதாரின் மேஜை டிராயரில் கிடைத்த டைப் அடித்த தாள்களைத் தங்கமணி நீட்டினார்.

குடிநீர் ஆய்வறிக்கை. 'நகல்: பஞ்சாயத்துத் தலைவர்.'

ஏழாம் பக்கத்தில் சிவப்பு மையில் அடிக்கோடு!

'பெரிய வால்வு பழுதானாலும் தெற்குத் தெருவுக்கு ஆபத்தில்லை. வாய்க்கால் கரையில் புதைந்துள்ள பழைய வால்வைத் திறக்கலாம். திறக்கத் தெரிந்தவர் அரசப்பன் ஒருவரே. அவர் இல்லையேல் தண்ணீர் இல்லை.'

கீழே குஞ்சிதபாதத்தின் கையெழுத்து!

"அவன் வேலையைப் பர்மனென்ட் ஆக்கணும்னுதான்... அதுக்காகத்தான் அப்படி எழுதினேன்..."

சின்னப் பிள்ளை போல விம்மினார். வாசலில் நின்ற ராசம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

தங்கமணி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"சர்க்கார் ரிப்போர்ட்டை எவனும் படிக்கிறதில்லைன்னு இனிமே யாரும் சொல்ல முடியாது சார்...!"