இரண்டு விளக்குகளும் எரிந்தபோது

உடைந்த விளக்கின் குழிக்குள்ளிருந்து தேங்காய் எண்ணெய் வாடை வந்தது.

கித்தேரியம்மாள் முதலில் அது தன் தலையிலிருந்து வருவதாகத்தான் நினைத்தாள். காலையில் மூஞ்சிக்கல்லுக்குப் பஸ் ஏறுகிற அவசரத்தில் தலைக்கு எண்ணெயே வைக்கவில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. பிக்கப் வண்டியின் முன்னால் சாக்கை விரித்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இடது விளக்கைச் சுற்றியிருந்த வளையத்தைத் திருப்புளியால் நெம்பிக்கொண்டிருந்தவள், மூக்கை மறுபடியும் குழிக்கு அருகில் கொண்டுபோனாள். கிரீஸ் வாடை, துரு வாடை, ஊறிய மண்ணின் வாடை, அவற்றுக்கெல்லாம் அடியில் சிக்குப் பிடித்த தலையின் எண்ணெய் வாடை.

மிளா மான் தலைக்கு எண்ணெய் தேய்க்காது.

முந்தாநாள் சாயங்காலம் கொடைக்கானலில் கேரட் இறக்கிவிட்டு வந்த அவள் புருஷன் உபகாரம், முன்விளக்கு இரண்டும் நொறுங்கிய வண்டியை வாசலில் வீட்டைப் பார்க்க நிறுத்திவிட்டு, "மிளா குறுக்க பாஞ்சிருச்சு" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிக் கட்டிலில் விழுந்தான். விழுந்தவன் விழுந்தவன்தான். இரண்டு நாளாகக் கம்பளியைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு, அவள் கொண்டுபோய் வைத்த கஞ்சியை மட்டும் குடித்துவிட்டுக் கிடந்தான். நாளை வெள்ளனே இருட்டோடு வடுகபட்டிக்குப் பூண்டு ஏற்றிப் போக வேண்டும். கிழங்குத் தோட்டத்தில் தண்ணீர் நிற்கிறது. எல்லாச் சோலியும் அவள் தலையில். பஸ்ஸில் நின்றபடியே போய்ப் புது விளக்குகளை வாங்கி, மடியில் குழந்தையைப் போல வைத்துக்கொண்டு வந்ததும் அவள்தான். இப்போது மாட்டுவதும் அவள்தான். மிஷன் பள்ளிக்கூடத்து வேன் ஓட்டிய இருதயசாமி டிரைவரின் மகளுக்கு விளக்கு மாட்டத் தெரியும், வண்டி ஓட்டவும் தெரியும் என்பது கட்டிக்கொண்டவனுக்கு வசதியாகப் போயிற்று.

"ஏங்க, சின்னத் திருப்புளி எங்க கெடக்கு?" என்று வீட்டைப் பார்த்துக் கத்தினாள்.

சாக்கின் மடிப்புக்குள் துழாவிப் பார்த்தாள்.

"காது கேக்கலையா? இல்ல, மிளா காதையும் முட்டிருச்சா?"

"மேலெல்லாம் வலிக்குது. சும்மா இருடி" என்று கம்பளிக்குள்ளிருந்து குரல் வந்தது.

எண்பத்துமூன்றாம் வருஷத்து நவம்பர் அது. மழை விட்டபாடில்லை. மணி ஐந்துகூட ஆகியிருக்காது. அதற்குள் பூண்டிச் சரிவிலிருந்து மூடுபனி ஏறி வந்து தோட்டத்துப் படிகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. ஊர் அங்கிருந்து அரை மைல். இடையில் வீடு ஒன்றும் கிடையாது. கித்தேரியம்மாள் அரிக்கேன் விளக்கை ஏற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக் கடைசித் திருகாணியையும் கழற்றினாள். உடைந்த கண்ணாடியும் அதன் பின்னாலிருந்த ரசம் பூசிய கிண்ணமும் கையோடு வந்தன. கிண்ணத்துக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு துணி சிக்கியிருந்தது. இழுத்தாள். ஈரமாக, நீளமாக வந்தது.

நீலத் துணி. வெள்ளைப் புள்ளி.

அவளுடைய பழைய சேலைதான். போன மாதம் அவளே கிழித்து ராக்காயிக்குச் சும்மாட்டுக்குக் கொடுத்தது. சோலைக்காட்டு ஓரத்தில் விறகு பொறுக்கி, கட்டைத் தலையில் வைத்து டீக்கடைகளுக்குச் சுமக்கிறவள் ராக்காயி. சாயங்காலமானால் இந்த வாசலில் நின்று, "காப்பித்தண்ணி இருக்கா தாயி?" என்று கேட்காமல் போகமாட்டாள். இரண்டு நாளாக வரவில்லை. மழைக்கு வரவில்லை என்று கித்தேரியம்மாள் நினைத்திருந்தாள்.

துணியில் நாலைந்து நரைமுடிகள் ஒட்டியிருந்தன. முடியின் வேரில் கருப்பாய் உறைந்திருந்தது எண்ணெய் அல்ல.

அவள் எழுந்து உள்ளே போனாள். வாசலுக்கு நேர் எதிரே கட்டில். கம்பளியைப் பிடித்து இழுத்தாள். அவன் உள்ளிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"கண்ணத் தொறந்து பாருங்க. மிளா சேலை கட்டிக்கிட்டு வந்துச்சா?"

அவள் மறுபடி கம்பளியைப் பிடித்து உலுக்கினாள்.

"சொல்லுங்க!"

"மூடுபனி, கித்தேரி. ஒண்ணுமே தெரியல. வெறகுக் கட்டோட நடு ரோட்டுல வந்தா..."

"உசுரு இருந்துச்சா?"

கூரைத் தகரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மொனகுனா."

"மொனகுனாளா?"

"பயந்துட்டேன். ஓரமாத் தூக்கி வச்சிட்டு வந்துட்டேன்."

"எந்த ஓரம்?"

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். "பள்ளத்து ஓரம்."

கித்தேரியம்மாள் கம்பளியை விட்டாள். கையிலிருந்த துணியிலிருந்து ஈரம் அவள் முழங்கைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவனை நீ என்றாள்.

"ரெண்டு ராத்திரி. மழையில அவ மொனகிக்கிட்டுக் கெடந்திருப்பா. நீ இங்க கஞ்சி குடிச்சிட்டுக் கெடந்திருக்க. எந்த எடம்?"

"பூம்பாறை வளைவு தாண்டி, தைலமரத்துக்கிட்ட."

"எந்திரி. வண்டிய எடு."

"என்னால ஏலாது. போலீசு, கேசுன்னு வந்துரும். இந்நேரம் அவ..."

"அவ என்னன்னு நான் பாத்துக்கறேன். ஊருக்குள்ள போய் நாலு ஆளக் கூட்டிக்கிட்டுப் போறேன். நீ பொத்திக்கிட்டுப் படு."

"கதவச் சாத்திட்டுப் போ. ரோட்டுல போறவன் காதுல விழப்போவுது."

அவள் கதவை இன்னும் அகலத் திறந்து, சாத்தமுடியாதபடி அதன் அடியில் கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

வெளியே முழுக்க இருட்டிவிட்டது. விளக்கில்லாமல் இந்தப் பனியில் முதல் வளைவைக்கூடத் தாண்ட முடியாது. புதுக் கிண்ணத்தில் பல்பைச் செருகி, ஒயரைக் கோத்து, வளையத்தை முடுக்கினாள். கோபத்தோடு முடுக்கியதில் திருப்புளி இரண்டு முறை நழுவிக் கட்டைவிரலைக் கீறியது. அதைக்கூடப் பார்க்கவில்லை. வண்டியில் ஏறிச் சுவிட்சை இழுத்தாள். இடது விளக்கு எரிந்தது. பனிக்குள் மஞ்சள் குழாயாய் நீண்ட வெளிச்சம் வீட்டின் வெள்ளைச் சுவரில் போய் விழுந்தது. ஆனால் சுவரில் பாதியைக் காணோம். பெரிதாக, விளிம்பு கலங்கி, கூரை வரைக்கும் ஒரு கருமை.

கண்ணாடியில் அழுக்கு என்று இறங்கிப் போய் முந்தானையால் துடைத்தாள். அவள் குனிந்தபோது அவளுடைய நிழலும் சுவரில் எழுந்தது. பூதம்போலப் பெரிய நிழல். விளக்கை ஒட்டி நிற்கிற எதற்கும் அப்படித்தான் விழும். அவள் விலகினாள். அவளுடைய நிழல் விலகியது.

மற்றது விலகவில்லை.

துடைத்த முந்தானையோடு அப்படியே நின்றாள். விளக்கை ஒட்டி நிற்கிற எதற்கும். எண்ணெய் வாடை இப்போது குழிக்குள்ளிருந்து வரவில்லை. தோளுக்குப் பக்கத்திலிருந்து வந்தது. ஈரப் பச்சை விறகு வாடை. அப்புறம் ஒரு சத்தம். மூச்சை இழுக்கும்போது தொண்டையில் தண்ணீர் கொப்புளிக்கிற மாதிரி, மிக மெதுவாக, விட்டு விட்டு.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து வரவில்லை.

"இந்தா வாரேன் தாயி" என்றாள். சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. "இந்த ஒரு பல்ப மாட்டிட்டு வெரசா வந்துர்றேன். ஆள் கூட்டிக்கிட்டு வாரேன்."

ஓடிப்போயிருக்கலாம். எங்கே ஓடுவது? அரை மைல் பனி. மண்டியிட்டு வலது விளக்கைக் கழற்றத் தொடங்கினாள். அருள் நிறைந்த மரியே என்று உதடு சொல்லிக்கொண்டே இருந்தது. பாதியில் மறந்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. திருகாணி ஒன்று. இரண்டு. மூச்சுச் சத்தம் தலைக்கு மேலே வந்து நின்றது. மூன்று. பின்கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது. மழை இல்லை. அவள் துடைக்கவில்லை. பல்பு. ஒயர். வளையம். கடைசித் திருகாணி முடுக்கியபோது சத்தம் நின்றுவிட்டது.

வண்டிக்குள் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள். சாவியைத் திருப்பிச் செல்ஃபை எடுத்தாள். என்ஜின் இருமி, பிடித்துக்கொண்டது. சுவிட்சை முழுக்க இழுத்தாள்.

இரண்டு விளக்குகளும் எரிந்தன. சுவரில் இரண்டு நிழல்கள்.

இடம் ஒன்று, வலம் ஒன்று. இரண்டும் ஒரே உருவம். கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்த, ஒரு கை தலைக்கு மேலே எதையோ தாங்குவதுபோல் தூக்கிய உருவம். வெளிச்சத்துக்குள் ஆள் இல்லை. பனிமட்டும் புரண்டது.

நிழல்கள் சிறுத்தன.

அவள் இமைக்காமல் பார்த்தாள். கூரையளவு இருந்தவை கதவளவு ஆயின. சிறுக்கச் சிறுக்க இரண்டும் ஒன்றையொன்று நெருங்கின. ராக்காயி விளக்கைவிட்டு விலகிப் போகிறாள். சுவரை நோக்கிப் போகிறாள். ஒரு காலை இழுத்து, இழுத்து, இழுத்து. தன்னோடு வண்டியில் வரப்போகிறாள் என்றுதானே நினைத்திருந்தோம் என்று கித்தேரியம்மாளுக்குத் தோன்றியது. வரவில்லை. வாசலில் இரண்டு நிழல்களும் சேர்ந்து ஒன்றாகி, ஒரு கிழவியின் உயரத்துக்கு நின்றன.

பிறகு வாசலில் நிழலே இல்லை. திறந்த கதவு. உள்ளே வெளிச்சத்தில் கட்டில். கட்டிலில் தலையோடு போர்த்திய கம்பளி.

"வந்துட்டியா?" என்றது உபகாரத்தின் குரல். நிம்மதியான குரல். "போகமாட்டேன்னு எனக்குத் தெரியும். படு."

கித்தேரியம்மாளின் இரண்டு கைகளும் ஸ்டீரிங்கின் மேல் இருந்தன.

"என்ன கித்தேரி, இப்பிடி நனைஞ்சிருக்க?"

கத்த வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. அது நான் இல்லை. வாயைத் திறந்தாள். திறந்த வாய்க்குள் வேறு வார்த்தை ஏறி வந்து அடைத்துக்கொண்டது. பள்ளத்து ஓரம். அவன் அதைச் சொன்ன விதம். சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தச் சொன்ன விதம். பயத்தில் குரல் வரவில்லை என்று பின்னாளில் பங்குச் சாமியாரிடம் சொல்லலாம். பயம் இல்லை அது. அவள் வாயை மூடிக்கொண்டாள். விளக்கை அணைக்கவில்லை.

கம்பளி ஒரு பக்கம் மேலே எழுந்தது. ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு. மறுபடி தாழ்ந்து படிந்தது.

உபகாரம் ஏதோ சொல்லத் தொடங்கினான். பாதியில் நிறுத்திக்கொண்டான்.

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வெளிச்சம் கட்டிலின் கால்மாட்டில் நேராக விழுந்தது. கம்பளிக்கு வெளியே நான்கு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. இரண்டு விறைத்து, விரல்கள் விரிந்து நின்றன. சேறு அப்பிய மற்ற இரண்டும், குளிருக்கு இதமாக, ஒன்றோடொன்று மெல்ல உரசிக்கொண்டிருந்தன.