ஆறாவது கேப்டனின் ஓட்டு

"பதினாலு கோலுப்பா... பதினாலு! அதுக்கு மேல இன்னா பேச்சு?"

டீக்கடை கோதண்டபாணி வடிகட்டியை உதறிய உதறலில் பாதி டீத்தூள் சாலையில் விழுந்தது. விழுந்ததை மழை உடனே அடித்துக்கொண்டு போயிற்று. மூன்று நாட்களாக விடாத கார்த்திகை மழை. வரதராஜர் கோயில் கோபுரத்தின் மேல் பாதியைக் காணவில்லை.

கடை ஓரத்துத் தகரக் கூரையின் கீழ், கம்பி முறிந்த குடையைப் பிடித்துக்கொண்டு கமலவேணி நின்றாள். பட்டுக் கூட்டுறவுச் சங்கத்து விற்பனைக் கூடத்தில் நாள் முழுவதும் புடவை விரித்துக் காட்டிவிட்டு வீடு திரும்புகிற நேரம். எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸ் நனைந்து தொங்கியது. கால்பந்து லீகின் இந்த ஆண்டுச் சிறந்த ஆட்டக்காரர் யார்? ஞாயிறு மாலை ஆறு அணிகளின் கேப்டன்களும் கூடி முடிவு செய்வார்கள். வெற்றி பெறுபவருக்குக் கோப்பை... கூடவே, சொந்தமாக அணி வைத்திருக்கும் மெட்ராஸ் கம்பெனி ஒன்றில் வேலை.

"சரியா சொன்னீங்கண்ணே. தனசேகரனுக்குத்தான் கொடுக்கணும்" என்றது ஒரு குரல்.

திரும்பினாள். உயரமான ஒருவன். சட்டையில் எண்ணெய்க் கறை. நெற்றி முடியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. கண்கள் மட்டும்... நெடுநாள் தூங்காதவனுடையவை.

அவள் பேசியிருக்க வேண்டாம். ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"இல்லை... செவிலிமேடு டீம் அஞ்சாம் நம்பருக்குத்தான் கொடுக்கணும்."

கோதண்டபாணி சிரித்தார். "தோ பாருடா! ஏம்மா, நீ மேட்ச் பாத்துக்கினா பேசறே?"

"நீங்க பாத்தீங்களா?"

"நான் எங்கம்மா போறது? கடைய யாரு பாக்கறது? ஆனா இங்க வந்து பேசறவன் அத்தனை பேர் பேச்சையும் கேட்டுக்கினுதானே இருக்கறேன்!"

அந்த உயரமானவன் சிரிக்கவில்லை. அவளையே பார்த்தான்.

"எங்கேர்ந்து பாத்தீங்க?"

"எங்க மொட்டை மாடியிலேர்ந்து. கிரவுண்டு முழுக்கத் தெரியும். சீசன்ல ஒரு ஆட்டம் விடலை."

"அவ்ளோ தூரத்துலேர்ந்தா? ஆளுங்க எல்லாம் எறும்பு மாதிரி இல்ல தெரிவாங்க?"

"எறும்பானா என்ன? எந்த எறும்பு சும்மா ஓடுது, எது தெரிஞ்சு ஓடுதுன்னு பாத்தாப் போதாதா?"

இப்போது அவன் உதட்டோரம் லேசாக அசைந்தது. "அஞ்சாம் நம்பர் தெரிஞ்சு ஓடுதாக்கும்?"

"பந்து இருக்கிற இடத்துக்கு எல்லாரும் ஓடறாங்க. அவர் பந்து வரப்போற இடத்துல போய் நிக்கறார். யாருக்கும் தெரியாது, யாரும் கை தட்டறதில்லை... கோல் விழாம இருந்ததுக்கு யார் தட்டுவாங்க?"

"ஆனா தனசேகரன் கால் முறிஞ்சது அவனாலதானே?" அவன் குரல் திடீரென்று கரகரத்தது. "அவனைப் போய்த் தூக்கி வெச்சுப் பேசறீங்களே. தனசேகரன் வீட்ல கேட்டா என்ன நினைப்பாங்க?"

"கேட்டுக்கினுதான் இருக்கேன். தனசேகரன் என் அண்ணன்."

அவன் கை தகரக் கூரையின் கம்பத்தைப் பற்றியது.

"ரெண்டு பேரும் ஒரே பந்துக்குத்தான் போனாங்க" என்றாள் மெதுவாக. "தரை சேறா கிடந்தது. வழுக்கிடுச்சு. நான் பாத்தேன். அண்ணனைத் தூக்கிக்கினு போற வரைக்கும் அவர் சேத்துல உக்காந்தே இருந்தார்... வீட்ல இதைச் சொல்ல முடியாது. அண்ணன் அவர் பேரையே எடுக்கக்கூடாதுன்னு சொல்லிட்டான்."

முன்பின் தெரியாதவனிடம் எதற்கு இதெல்லாம்? ஆனால் தெரிந்தவர்களிடம் சொல்ல முடியாமல் பதினெட்டு நாட்களாக நெஞ்சில் கனத்துக் கிடந்தது ஒன்று. கோதண்டபாணி உள்ளே பாலைப் பார்க்கப் போயிருந்தார். அவள் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டாள்.

"எலும்பு கூடிடுமாம். நடப்பானாம். தறியில உக்காந்து மிதிக்கலாமாம். ஆனா இனிமே ஓடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். எனக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும். அவன் என்னடான்னா, கட்டுப் பிரிச்சதும் மெட்ராஸ் டீம்ல ஆடப்போறேன்னு நாள் எண்ணிக்கினு படுத்திருக்கான்."



"ஓடவே... முடியாதா?"

அவள் தலையசைத்தாள்.

அவன் டீ கேட்டது நினைவில்லாதவன்போல் மழைக்குள் இறங்கி நடந்தான். கமலவேணி பார்த்துக்கொண்டே நின்றாள். தூரம் கூடக்கூட அவன் சிறியதாகிக்கொண்டே போனான். இடது தோள் சற்றுத் தாழ்ந்து... ஒவ்வொரு எட்டிலும் அந்தப் பக்கமாகச் சாய்ந்து...



எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் மாடியிலிருந்து பார்த்த நடை, அஞ்சாம் நம்பரின் நடை!

ஐயோ, யாரிடம் போய் எதைச் சொல்லிவிட்டோம்...

*

"எழுதும்மா கமலா" என்றான் தனசேகரன்.

இடுப்பு வரை மாவுக்கட்டு. மல்லாந்தே படுத்திருப்பவனால் எழுத முடியாது. சின்ன காஞ்சிபுரம் அணிக்கு அவன்தான் கேப்டன். ஓட்டுப் போட வேண்டியவன். லீகில் ஒரு வழக்கம் உண்டு. கேப்டன் தன் அணி ஆளைச் சொல்லக்கூடாது. பிற அணிகளில் ஒருவனைச் சொல்லி, ஏன் அவன் என்ற காரணத்தை எல்லோர் முன்னும் எழுந்து நின்று சொல்ல வேண்டும். வர முடியாதவர் கடிதம் கொடுக்கலாம். ஆனால் அவர் வீட்டு ஆள் ஒருவர்தான் அதைப் படிக்க வேண்டும்.

"யார் பேர் எழுதறது?"

"யாரும் இல்லைன்னு எழுது. மத்த டீம்ல கப்புக்குத் தகுதியானவன் ஒருத்தனும் இல்லை. முடிஞ்சுது."

"ஒருத்தர்கூடவா இல்லை?"

அவன் கண்கள் அவளைத் துளைத்தன. "இன்னா, அவன் பேரை எழுதச் சொல்றியா?"

அடுப்படியிலிருந்து அம்மா பட்டம்மாள் வந்தாள். மகன் பார்க்காத பக்கமாக நின்று மகளைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். வேண்டாம், இப்போது எதுவும் வேண்டாம் என்று.

"எனக்கு இந்தக் கப்பு கிடைக்கணும் கமலா" என்றான். குரல் இளகிவிட்டது. "கிடைச்சா மெட்ராஸ்... மாசி மாசம் நான் ஓட ஆரம்பிச்சுடுவேன். பாரேன்."

அவள் குனிந்து எழுதினாள். காகிதத்தில் ஒரு சொட்டு விழுந்தது. கூரை ஒழுகுகிறது என்றாள்.

*

ஞாயிறு மாலை. பள்ளிக்கூட அறையில் ஈரச் சட்டைகளின் வாடை. பெண் என்று அவள் ஒருத்திதான். ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து நிமிர்ந்தபோது, எதிர் வரிசையில் அந்தக் கண்கள். செவிலிமேடு அணியின் கேப்டன் வீரபத்திரன். லேத் பட்டறையில் வேலை. பெயரை இப்போதுதான் முகத்தோடு சேர்த்துப் பார்த்தாள். அவன் உடனே தலையைக் குனிந்துகொண்டான்.

நான்கு கேப்டன்கள் பேசி முடித்தார்கள். தனசேகரனுக்கு இரண்டு. வீரபத்திரனுக்கு இரண்டு. "கோலு அடிக்காதவனுக்கு எதுக்குய்யா கப்பு?" என்று ஒருவர் கத்த, "உன் டீம் அவனைத் தாண்டி ஒரு கோலாவது போட்டுதா? அத்த சொல்லு மொதல்ல!" என்று இன்னொருவர் எகிற, லீக் செயலாளர் கலியாணசுந்தரம் மேசையைத் தட்டி அடக்கினார்.

வீரபத்திரன் எழுந்தான்.

"தனசேகரன். காரணம்... அவன் காலுக்குப் பந்து வந்தா எனக்குப் பயம் வரும். வேற யார்கிட்டயும் எனக்குப் பயம் வந்ததில்லை."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டான்.

கமலவேணி கடிதத்தைப் பிரித்தாள். படித்தாள். தகுதியானவர் ஒருவரும் இல்லை. அந்த வரியைச் சொல்லும்போது தன் குரலே தனக்கு அந்நியமாகக் கேட்டது. எதிர் வரிசையில் அவன் மெல்லத் தலையசைத்தான், சரிதான் என்பதுபோல. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"மூணுக்கு ரெண்டு. தனசேகரன்" என்று அறிவித்தார் கலியாணசுந்தரம். கைதட்டல் அடங்கியதும் தொடர்ந்தார். "நாளான்னிக்கு மெட்ராஸ் கம்பெனிக்காரங்க வீட்டுக்கே வராங்கம்மா. கூட அவங்க டாக்டரும் வரார். காலைப் பாத்துட்டு, எப்போ ஆட முடியும்னு அண்ணன்கிட்டயே சொல்லி, ஆர்டரைக் கையில கொடுத்துடுவாங்க."

அவள் கையிலிருந்த கடிதம் நழுவியது.

கோப்பை கிடைத்தால் அண்ணன் சந்தோஷப்படுவான் என்று மட்டும்தானே நினைத்தாள்! அது இப்படியா வீட்டு வாசலுக்கு வரும்? யாரோ ஒரு டாக்டர், தெரியாத நாலு பேர் முன்னால்...

*

வெளியே தூறல். வேப்ப மரத்தடியில் அவனைப் பிடித்தாள்.

"நில்லுங்க. இரக்கப்பட்டுத்தானே போட்டீங்க? நான் உளறினதைக் கேட்டுட்டு?"

"இல்லைங்க."

"பொய்."

"நீங்க சொல்றதுக்கு முன்னாடியே டீக்கடையில அவன் பேரைத்தான் சொன்னேன். ஞாபகம் இல்லையா?"

ஆமாம். முதலில் சொன்னது அவன்தான்.

"ஆனா இப்படி ஆகும்னு தெரியலைங்க" என்றான். "டாக்டர் வருவாருன்னு நினைச்சே பாக்கலை. ஒரு தடவை காலை உடைச்சேன். இப்ப ரெண்டாம் தடவை..."

"உடைச்சேன்னு சொல்லாதீங்க."

"வேற எப்படிச் சொல்றது?" அவன் கண்கள் கலங்கியிருந்தன, மழை என்று சொல்ல முடியாத கலக்கம். "அவங்க சொல்றதுக்கு முன்னாடி நாம சொல்லிடணும். நான் வரேன். நானே சொல்றேன்."

"அடிப்பான்."

"அடிக்கட்டும்."

"படுத்துக்கினு கையால அடிக்க முடியாது. பேச்சால அடிப்பான். அது இன்னும் மோசம்."

இருவரும் நடந்தார்கள். குடைக்குள் வரச் சொன்னாள். "தெருவே பாக்கும்" என்று அவன் நனைந்துகொண்டே வந்தான்.

*

"இவன் எதுக்குடீ இங்க வந்தான்?"

தனசேகரன் தலையணையிலிருந்து எழப் பார்த்து முடியாமல் விழுந்தான். வீரபத்திரன் வாசற்படியைத் தாண்டியவன் சுவரோரமாக நின்றான். கைகள் இரண்டும் ஈரச் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"கப்பு உனக்குத்தான். நானும் உனக்குத்தான் போட்டேன்."

"பிச்சை போட்டியா?"

"அண்ணா..." கமலவேணி கட்டிலருகே மண்டியிட்டாள். வழியெல்லாம் வீரபத்திரன் சொல்வதாகத்தான் பேச்சு. ஆனால் அண்ணன் முகத்தைப் பார்த்ததும், இதைச் சொல்ல வேண்டியவள் தான்தான் என்று பட்டது. "கம்பெனி டாக்டர் வராராம். அவர் சொல்லி நீ தெரிஞ்சுக்க வேணாம். நடப்பே அண்ணா. வேலை செய்வே. ஆனா ஓட... இனிமே ஓடக்கூடாதாம். அன்னிக்கே சொல்லிட்டாங்க. நாங்கதான் மறைச்சோம்."

அடுப்படியில் பாத்திரம் ஒன்று விழுந்து உருண்டது. பட்டம்மாளின் அடக்கிய அழுகை கேட்டது.

தனசேகரன் கத்தவில்லை. திட்டவும் இல்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தானோ... விளக்கு வைக்கும் நேரம் ஆகியும் யாரும் எழுந்து விளக்கு வைக்கவில்லை.

"எத்தனை ஆட்டம் பாத்தே கமலா?" சுவரைப் பார்த்தபடியே கேட்டான்.

"எல்லாம்."

"அப்ப நீ சொல்லு. யாருக்குக் கொடுக்கணும்? எனக்காகப் பாத்துச் சொல்லாதே."

"அஞ்சாம் நம்பருக்கு அண்ணா."

வீரபத்திரன் பதறினான். "ஏங்க, இப்பப் போயி..."

"நீ வாயை மூடுடா. என் ஓட்டை நான் கேட்டுக்கினு இருக்கேன்." தனசேகரனின் மார்பு ஏறி இறங்கியது. "பேப்பர் எடு கமலா. கம்பெனிக்கு எழுது. கப்பு எனக்கு விழுந்துது, ஆட முடியாது. ஆடறதுக்கு ஆள் வேணும்னா செவிலிமேடு வீரபத்திரனைக் கூப்பிடுங்க. கேக்கறாங்களோ இல்லையோ, நான் எழுதணும். காரணம் நீ சொல்லு. மாடியிலேர்ந்து பாத்தவ நீதானே."

அவள் பேனாவை எடுத்தாள். அரை இருட்டில் எழுத்து சரியாகத் தெரியவில்லை. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள்.

"பந்து வரப்போற இடம் அவருக்கு முன்னாடியே தெரியும். தன் டீம் ஜெயிச்சாலும் குதிக்க மாட்டார். எதிராளி விழுந்தா முதல் ஆளா ஓடுவார். அன்னிக்குச் சேத்துல உக்காந்து..." மேலே எழுத முடியவில்லை.

சுவர்ப் பக்கமிருந்து கேள்வி வந்தது. மெதுவாக.

"இது ஆட்டத்துக்குச் சொல்ற காரணமா கமலா... ஆளுக்கா?"

சுவரோரம் நின்றவனை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று தெரிந்தது.

"ரெண்டுக்கும் அண்ணா."



"நீ இன்னாடா சொல்றே?" என்றான் தனசேகரன்.

வீரபத்திரன் இரண்டு முறை தொண்டையைச் செருமினான்.

"உன் எதிர்ல இதைச் சொல்ல எனக்கு வாய் வரலை தனசேகரா... ஆனா இல்லைன்னு சொன்னா பொய். டீக்கடையில அவங்க என் பேருக்காகச் சண்டை போட்டாங்களே, அப்பவே..."

முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

தனசேகரன் அப்போதும் திரும்பவில்லை. அவன் தோள்கள் குலுங்குவதை இருட்டிலும் இருவரும் பார்த்தார்கள்.

"உக்காருடா" என்றான் கடைசியில். "எவ்ளோ நேரம் நிப்பே?"