கலப்புக் காவலில் பறிபோன ஆறு பந்துகள்

சனிக்கிழமை, பிற்பகல் 3.52.

டோபின் ரைட்சல் வீசிய பந்து, அவன் அணிக்காரன் ஒருவன்கூட இல்லாத புல்தரையில் போய் இறங்கியது. எதிரணிக்காரன் ஒருவன் மட்டும் அங்கே சாவகாசமாக நின்றுகொண்டிருந்தான். வாசலுக்கு வந்த பார்சலை வாங்குவது போலப் பந்தை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டான்.

பிராக்கன் கல்லூரி தோற்றது. ஒன்பதாயிரம் பேர் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

சோளக்காடுகளுக்கு நடுவே இருக்கிற எங்கள் டேல்மர் ஊரில், கையால் வீசிக் கையால் பிடிக்கிற ஆட்டத்துக்குக் கால்பந்து என்று பெயர். ஏன் என்று கேட்காதீர்கள். அயோவாவுக்கு வந்து முப்பது வருஷமாகிறது, எனக்கும் யாரும் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பந்தை வீசும் குவார்ட்டர்பேக்குக்கு இங்கே இருக்கும் மரியாதை மேயருக்குக் கிடையாது. நெடுஞ்சாலை ஓரத்தில் டோபினின் முகம் லாரி அளவுக்கு ஒட்டப்பட்டிருந்தது. பத்தொன்பது வயதுப் பையனுக்கு அவ்வளவு பெரிய முகம் இருந்தால், பார்க்கிறவர்களில் நாலு பேருக்காவது வயிறு எரியத்தான் செய்யும்.

ஞாயிறு, காலை 10.10.

கல்லூரி போலீஸ் சார்ஜென்ட் ஈடித் வோரல், தலைமைப் பயிற்சியாளர் ராஸ் ஃபுல்கர்சனின் அறையில் உட்கார்ந்திருந்தார். சைக்கிள் திருட்டும் தப்பான இடத்தில் நிறுத்திய காரும்தான் அவருடைய வழக்கமான வழக்குகள். இன்றைக்குக் கையில் ஒரு மொட்டைக் கடிதம். பெரிய எழுத்தில் ஒரே வரி: 'டோபினை யார் விலைக்கு வாங்கியிருக்கிறார்கள் என்று கேளுங்கள்.'

"நாளன்னிக்கு, செவ்வாய் பன்னெண்டு மணிக்கு ஒழுங்குக் குழு கூடுது சார்ஜென்ட்" என்றார் ராஸ். மூன்று நாள் தாடி. "சூதாட்டக்காரங்ககிட்ட அவன் விலை போயிட்டான்னு அவங்க நெனச்சாப் போதும். அணி போச்சு, படிப்புக்கான உதவி போச்சு, பையனோட பேரும் போச்சு."

"நீங்க என்ன நெனைக்கறீங்க?"

"ஆறு பந்தை எதிரிக்குத் தூக்கிக் கொடுத்திருக்கான். எட்டு ஆட்டம் ஆடினோம். அஞ்சுல ஜெயிச்சோம், ஒரு பந்துகூடப் போகல. தோத்த மூணுலயும் ரெண்டு ரெண்டு. அந்த மூணு அணியும் ஆடினது கலப்புக் காவல்."

"புரியற மாதிரி சொல்லுங்க."

ராஸ் மேஜையில் இருந்த டோனட்களை ஆட்டக்காரர்களாக அடுக்கினார்.

"எதிரணி, ஆளுக்கு ஒருத்தன்னு ஒட்டிக்கிட்டே வந்தா, பந்தைப் பிடிக்கப் போற நம்ம ரிசீவர் நிக்காம ஓடணும். ஆளை விட்டுட்டு ஆளாளுக்கு ஒரு இடத்தைக் காவல் காத்தா, நடுவுல காலியான இடத்துல நிக்கணும். ஓடணுமா நிக்கணுமான்னு ரிசீவரும் பார்த்து முடிவு பண்ணுவான், டோபினும் பார்த்து முடிவு பண்ணுவான். ரெண்டு பேர் முடிவும் ஒண்ணா இருக்கணும். ஏன்னா அவன் திரும்பிப் பார்க்கறதுக்கு முந்தியே இவன் வீசிடுவான்."

"கலப்புன்னா?"

"பாதிப் பேர் ஆளைப் பிடிப்பாங்க, பாதிப் பேர் இடத்தை. போதாததுக்கு ரெண்டு எட்டு கூடவே வந்துட்டு விட்டுடுவானுங்க. எது எதுன்னு மறுநாள் படம் போட்டுப் பார்த்தாலும் எங்களுக்குள்ளயே சண்டை வரும்."

"அப்ப தப்பு யாரோடதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"பந்து யார் கையிலேர்ந்து போச்சோ அவன் தப்பு. ஆட்டப் பதிவுல வீசினவன் பேருக்கு நேரா 'பறிகொடுத்தது'ன்னு ஒரு கட்டம் இருக்கு. ஓடினவனுக்கு அப்படி ஒரு கட்டமே கிடையாது."

ஈடித் ஒரு டோனட்டை எடுத்துக் கடித்தார். அது எதிரணிக்காரன்.

"ஆறு பந்தும் யாருக்கு வீசினது?"

"எட்டாம் நம்பர், கீனன் ஆல்ட்மர். எங்ககிட்ட இருக்கறதுலயே நல்ல ரிசீவர். டோபினோட ஊர்க்காரன், ரூம்மேட் வேற. பந்து தனக்கு வராமப் போறதுல அவனுக்கு என்ன லாபம்? அவன் பக்கம் பார்த்து நேரத்தை வீணாக்காதீங்க."

ஞாயிறு, பிற்பகல் 2.00.

வெஸ்லி குரோகன் நான்காம் ஆண்டு மாணவன். மூன்று வருஷம் அவன்தான் குவார்ட்டர்பேக். டோபின் வந்ததும் கோட்டுக்கு வெளியே நிற்க வைத்துவிட்டார்கள். பெரிய அட்டைகளில் ஆட்ட வரைபடங்களை எழுதிக் காட்டுவதுதான் இப்போது அவன் வேலை.

"டோபின் மேல பொறாமையா?" என்றார் ஈடித்.

"பின்ன? கொஞ்சவா சொல்றீங்க?"

"உன் அட்டையில A எழுத்துக்கு மேல கொம்பு மாதிரி ஒரு கோடு நீட்டறே. இந்தக் கடிதத்துலயும் அதே கொம்பு இருக்கே தம்பி."

வெஸ்லியின் காது சிவந்தது.

"சரி, நான்தான் எழுதினேன். அவன் மூஞ்சியை ரோட்டோரத்துல தினமும் பார்த்துட்டே வர்றேன் மேடம். ராத்திரி கண்ணை மூடினாலும் அதான் தெரியுது. ஆனா பந்து போனதுக்கு நான் காரணமில்ல. என்னைப் பந்தைத் தொட விட்டாத்தானே!"

உண்மைதான் என்று ஈடித்துக்குப் பட்டது. இவனுடைய பொறாமை ஊருக்கே தெரிந்தது. ஒளித்து வைக்கத் தெரியாதவன் ஆறு முறை மாட்டாமல் தப்பு செய்திருக்க முடியாது.

திங்கள், காலை 11.20.

டோபினும் கீனனும் தங்கியிருந்த விடுதி அறை. இரண்டு கட்டில், சுவரில் செய்தித்தாளிலிருந்து வெட்டிய ஒரு படம். டோபினின் முதுகுப் பக்கமிருந்து எடுத்தது. முன்னால் மலை மாதிரி டோபின், கை பின்னுக்குப் போயிருக்கிறது. வெகு தூரத்தில், மூலையில், விரல்நகம் அளவுக்கு ஒருவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். முதுகில் எட்டு.

டோபின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். ராத்திரி தூங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"காசு வாங்கினியா தம்பி?"

"இல்ல மேடம்."

"அப்ப ஏன் தப்பா வீசினே?"

"தெரியல. நிக்கணும்னு எனக்குத் தோணறப்ப கீனன் ஓடறான். ஓடணும்னு தோணறப்ப நிக்கறான். கண் டாக்டர்கிட்டகூடப் போய்ட்டு வந்தேன். கண்ணு நல்லாத்தான் இருக்காம்."

கீனன் கதவில் சாய்ந்து நின்றான். உயரமான, அழகான பையன். "விட்டுடுங்க மேடம், பாவம் அவன். கலப்புக் காவலைப் படிக்கறது எல்லாருக்கும் வராது."

"உனக்கு வருமா?"

அவனுக்கு முன்னால் டோபின் பதில் சொன்னான், பெருமையோடு. "இவனுக்கா? ஸ்கூல்ல இவன்தான் குவார்ட்டர்பேக்! நான் இவனுக்குத் தண்ணி பாட்டில் நீட்டின ஆளு. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் இவன் சொல்லிக் கொடுத்ததுதான். இங்க வந்ததும் கோச் என்னை வீச விட்டு, இவனை ரிசீவர் ஆக்கிட்டாரு."

கீனன் சிரித்தான். சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது.

திங்கள், பிற்பகல் 3.30.

லைல் ஸ்ட்ராண்டுக்கு இருபத்துநாலு வயது. கப்பற்படையில் இருந்துவிட்டுப் படிக்க வந்தவன். ஓட்டப்பந்தயத்தில் புலி. கால்பந்தைக் கையால் தொட்டு மூன்று மாதம்தான் ஆகிறது. அவனும் ரிசீவர்தான், ஆட்டத்தில் கீனனுக்குப் பக்கத்தில் நிற்பவன்.

"பந்து உங்களுக்கு வருமா?"

"எனக்கா? நல்ல கதை! இதுவரைக்கும் ரெண்டு தடவை வந்திருக்கு. ரெண்டும் கீழ விழுந்துச்சு."

"எதிரி எந்தக் காவல் போடறான்னு பார்த்து ஓடத் தெரியுமா?"

"சத்தியமாத் தெரியாது மேடம். கோச்சுக்கும் தெரியும், எனக்குத் தெரியாதுன்னு. அதனால கீனன் கடைசி நிமிஷத்துல சைகை காட்டுவான். ஹெல்மெட்டைத் தொட்டா நில்லு. இடுப்பைத் தொட்டா ஓடு. நான் அப்படியே செய்வேன். என்னைத் திட்டினதே இல்ல, நல்ல மனுஷன்."

திங்கள், மாலை 4.30.

ஆட்டப் படங்கள் ஓடும் அறையில் ஈடித் தனியாக உட்கார்ந்தார். உயரத்தில் வைத்த காமிரா, மைதானத்தில் இருக்கிற இருபத்திரண்டு பேரையும் ஒரே சட்டத்துக்குள் காட்டும்.

அவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இருபத்தாறு வருஷமாக எல்லாச் சனிக்கிழமையும் அவர் மைதானத்தில்தான் இருக்கிறார். ஆனால் ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை. மைதானக் காவலுக்கு நிற்கும் போலீஸ், ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும் என்பது விதி. கூட்டம் துள்ளும்போதும் அவர் திரும்ப மாட்டார். எல்லாரும் எங்கே பார்க்கிறார்களோ அங்கே பார்க்காமலிருப்பது அவருக்குப் பழகிவிட்டது.

ஆறு பந்துகளையும் போட்டுப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றித் திரையில் டோபினை மறைத்தபடி, இன்னொரு முறை பார்த்தார். ஆறாவது முடிந்ததும் தொப்பியைப் போட்டுக்கொண்டு, மறுநாள் காலை ஐந்து பேரை வரச் சொல்லித் தகவல் அனுப்பினார்.

செவ்வாய், காலை 10.30.

பயிற்சியாளர் ராஸ், டோபின், கீனன், வெஸ்லி, லைல். எல்லாரும் ஆட்டப் படங்கள் ஓடும் அதே அறையில். குழு கூட ஒன்றரை மணி நேரம் இருந்தது. டோபின் டை கட்டி வந்திருந்தான். முடிச்சு கோணல்.

"ஒரே கேள்வி" என்றார் ஈடித். "பந்து ஏன் கலப்புக் காவல்ல மட்டும் போகுது? டோபினுக்கு அதைப் படிக்கத் தெரியலன்னு எல்லாரும் சொல்றீங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். அப்புறம் கேள்வியைத் திருப்பிப் போட்டேன். ஒருத்தன் வேணும்னே தப்பா ஓடணும்னா, எங்க ஓடுவான்?"

"ஆளுக்கு ஆள் ஒட்டி நிக்கறப்ப ரிசீவர் நின்னா, சோளப்பொரி விக்கறவனுக்குக்கூட அது தப்புன்னு தெரிஞ்சுடும். கலப்புல மட்டும்தான் எப்படி ஓடினாலும் சமாதானம் சொல்லலாம். ஒளிஞ்சுக்க இடம் அங்கதான் இருக்கு."

ராஸ் எழுந்தார். "கீனனையா சொல்றீங்க? அவன் வேற மாதிரி பார்த்திருக்கான், அவ்வளவுதான். அதை எப்படிக் குத்தம்னு சொல்வீங்க?"

"இவரைக் கேட்டு" என்று ஈடித் லைலைக் காட்டினார்.

லைல் பதறிப்போனான். "மேடம், எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே!"

"அதனாலதான். கோச், அந்த ஆறு படத்துலயும் யாராவது லைலைப் பார்த்தீங்களா? பந்து அவருக்கு வராது, அதனால பார்க்கல. நான் பார்த்தேன். கீனன் நிப்பான்னு எதிர்பார்த்து டோபின் வீசின நாலு தடவையும் லைல் நின்னாரு. ஓடுவான்னு எதிர்பார்த்து வீசின ரெண்டு தடவையும் ஓடினாரு. ஒண்ணும் தெரியாத ஆள் டோபினோட ஆறுக்கு ஆறு ஒத்துப்போறாரு. அவருக்கு யாரு சொன்னது?"

லைல் மெல்லக் கீனன் பக்கம் திரும்பினான். "நீதானே சொன்னே... ஹெல்மெட்டைத் தொட்டியே."

"படத்துல தெளிவா இருக்கு. லைலுக்கு 'நில்லு'ன்னு காட்டிட்டு நீ ஓடறே. 'ஓடு'ன்னு காட்டிட்டு நீ நிக்கறே. டோபின் பார்த்ததைத்தான் நீயும் பார்த்திருக்கே கீனன். உன் கை உண்மையைச் சொல்லிச்சு, கால்தான் பொய் சொல்லிச்சு. லைலும் தப்பா ஓடிட்டா ரெண்டு பேரையும் கூப்பிட்டுத் திட்டுவாங்க, பேச்சு உன்கிட்ட வந்து நிக்கும். அந்தப் பயத்துல அவருக்கு மட்டும் சரியாக் காட்டினே. மாட்டினதும் அதுலதான்."

கீனன் மறுக்கவில்லை. மறுப்பான் என்று எதிர்பார்த்த ராஸ்தான் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அது என் இடம்" என்றான் கீனன். "நான் சொல்லிக் கொடுத்ததை வச்சுக்கிட்டு இவன் ரோட்டோரத்துல சிரிக்கறான். சரி, ஊர்க்காரங்க கொண்டாடட்டும். லீவுல வீட்டுக்குப் போனா, எங்கம்மா ஃபிரிட்ஜ் கதவுல இவன் படம்! சொந்த மகன் நான் இருக்கேன். தண்ணி எடுக்கப் போறப்பல்லாம் இவன் மூஞ்சி. எனக்கு எப்படி இருக்கும்? அன்னிக்கு முடிவு பண்ணினேன், இவனைக் கீழ இறக்காம விடறதில்லன்னு."

வெஸ்லி தலையைக் குனிந்துகொண்டான். அந்த எரிச்சல் அவனுக்குத் தெரியாததா?

ஈடித் டோபினைப் பார்த்தார். "நாலு அஞ்சு பந்து போனப்புறமும் ஏன் அவனுக்கே வீசினே?"

"கீனன் தப்பா ஓட மாட்டான் மேடம்" என்றான் டோபின். "அதனால என் கண்ணுதான் தப்புன்னு நெனச்சேன்."

டோபின் டையைத் தளர்த்தி உருவி மேஜையில் வைத்தான். இனி அது தேவைப்படாது. கீனனுக்கு எதிரே போய் நின்றான். அடிப்பான் என்று நினைத்து ராஸ் பாதி எழுந்தார். அவன் அடிக்கவில்லை.

"அந்த ஃபிரிட்ஜ் படத்தை நீ கிட்டப் போய்ப் பார்த்தியாடா?"

"எதுக்குப் பார்க்கணும்? உன் மூஞ்சியையா?"

"என் மூஞ்சி அதுல இல்லவே இல்ல. முதுகுதான் இருக்கு. நம்ம ரூம் சுவர்ல இருக்கற அதே படம்தான். அன்னிக்கு உங்க வீட்ல சாப்பிட வந்தப்ப நான் பார்த்தேன். மூலையில, தூரத்துல, நீ கையைத் தூக்கிட்டு ஓடறே. உங்கம்மா சிவப்புப் பேனாவால அதைச் சுத்தி வட்டம் போட்டு வச்சிருக்காங்க."