உப்பில்லாத சட்டி

"ஐயோ, கேஸ் நாத்தம்!"

மருமகள் ரக்ஷிதா போட்ட சத்தத்தில் ஒக்கலிபுரத்து அந்தச் சின்ன வீடே விழித்துக்கொண்டது. பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது. கேஸ் மட்டும் வந்துகொண்டேயிருந்தது. பக்கத்திலேயே சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தாள் வேதநாயகி.

மகன் பிரகாஷ் பாய்ந்து வந்து மூடினான். "இன்னாம்மா இது! உள்ள குழந்தை தூங்கிக்கினு இருக்குது!"

"அடுப்பை மறந்துட்டேன்டா... தலை ஒரு மாதிரியா..."

"நேத்து வூட்டுக்கு வழி தெரியலன்னே. இன்னிக்கு இது. மருமக வந்ததுலேர்ந்துதான் உனக்கு மறதி வருது! எல்லாம் டிராமா! ஞாயித்துக்கிழமை ஆம்பூர்ல மாமா வூட்ல வுட்டுடறேன், அங்கியே இரு!"

வேதநாயகி கணவர் ஆதிகேசவனைப் பார்த்தாள். அவர் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அந்த மனிதருக்காகத்தான் அவள் இந்தக் கதிக்கு ஆளானாள் என்பது அங்கே யாருக்கும் தெரியாது, அவளுக்கும்தான்!

அவருக்கு ரத்தக்கொதிப்பு என்று டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னபோது, "நீங்கள்லாம் ருசியா துன்னுவீங்க, நான் மட்டும் மாட்டுத் தீனி துன்னணுமா?" என்று தட்டைத் தள்ளினார். மறுநாளே வேதநாயகி அவருக்குத் தனிச்சட்டி வைத்தாள். குறைக்கச் சொன்ன உப்பை அடியோடு நிறுத்தினாள். அன்புக்கு அளவு தெரியுமா? "நானும் இதையேதாங்க சாப்பிடப் போறேன்" என்று அவரோடு உட்கார்ந்தாள். சோறு தொண்டையில் இறங்கவில்லை. இரண்டு வாய் தின்று, மீதி வயிற்றைச் சொம்பு சொம்பாய்த் தண்ணீரால் நிரப்பினாள். நாளாக ஆக உடம்பு தள்ளாடியது, புத்தி தடுமாறியது.

ஆம்பூருக்குப் போகப் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தபோதுதான் கை கால் இழுத்துக்கொண்டு அப்படியே சாய்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "இவங்க என்ன சாப்பிடறாங்க?"

"மாமனாருக்கு வெக்கிற சட்டியிலதான் டாக்டர்... உப்பே போடமாட்டாங்க. தண்ணிதான் நெறைய குடிப்பாங்க" என்றாள் ரக்ஷிதா.

"இது மறதி நோய் இல்லம்மா. ரத்தத்துல சோடியம் ரொம்ப இறங்கிடுச்சு. உடம்புக்குத் தண்ணியும் வேணும், உப்பும் வேணும். சோறும் உப்பும் இல்லாம வெறும் தண்ணியா ஏத்தினா மூளை வீங்கிடும். மறதி, தள்ளாட்டம், ஃபிட்ஸ் எல்லாம் அதாலதான். இவ்ளோ நாள் யாருமே கவனிக்கலையா?"

ஆதிகேசவன் படார் படாரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"நான் பாவி டாக்டர்! தெனம் சாயங்காலம் ஸ்டேஷன் பக்கம் போயி போண்டாவும் பஜ்ஜியும் துன்னுட்டு வருவேன்... இவ என்னை நம்பி, எனக்காக நாக்கைக் கட்டிப்போட்டா! எனக்கு ஒண்ணும் ஆவல... இவ படுத்துட்டாளே!"

மருந்து மெதுவாக ஏறியது. சில நாளில் வேதநாயகி தெளிந்து கண் திறந்தாள். பிரகாஷ் அவள் காலைப் பிடித்துக்கொண்டான்.

"ஆம்பூரும் வேணாம், ஒண்ணும் வேணாம்மா... என்னை மன்னிச்சுடும்மா!"

அவள் அவனைப் பார்த்துச் சொன்னாள்.

"இங்க வந்தது, வுழுந்தது, எதுவும் ஞாபகம் இல்லடா. நீ டிராமான்னு சொன்னது மட்டும்... மறக்கமாட்டேங்குது."

அவன் அவள் மடியில் முகம் புதைத்துக் கதறினான். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்! ஊசி குத்தாத கையை மெல்லத் தூக்கி, அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள்.