தொட்டுப் பார்க்கும் பயிற்சி

சிறையின் நேர்காணல் அறையில் எப்போதும் இரண்டு நாற்காலிகள்தான். இன்று மூன்று கிடந்தன.

"இது எதுக்கு?" என்று காவலரைக் கேட்டாள்.

"நீங்கதானே மேடம் காலையில வந்து போடச் சொன்னீங்க?"

காலையில் அவள் வீட்டில் தலைவலியோடு புரண்டுகொண்டிருந்தாள். வாதாடத் தெம்பில்லை. சிறையின் உளவியலாளராகச் சேர்ந்தபின் எதற்குமே தெம்பில்லை. தன் தண்டனை என்னவென்று விளங்காதவரைத் தூக்கிலிடச் சட்டம் விடாது. தூக்குத் தண்டனைக் கைதியான தையல்காரருக்கு அது விளங்காமல்தான் இருந்தது. தான் கொன்ற தம்பி தினமும் வந்து பக்கத்தில் உட்காருகிறான் என்பார். அவரைப் பேசிப் பேசித் தேற்றியது அவள். தேறிவிட்டாரா, தூக்கிலிடலாமா என்று சான்று எழுத வேண்டியதும் இப்போது அவளே. வைத்தியம் பார்த்தவர் சான்று தரக் கூடாது என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். ஆனால் வெளி நிபுணர் வரவில்லை. "உங்களுக்குத் தெரியாத ஆளா, நீங்களே முடிச்சிடுங்க" என்று மேலதிகாரி அவள் தலையில் கட்டிவிட்டார். அக்கறையாகக் குணப்படுத்தியதற்கு நல்ல பரிசு.

கிருமிநாசினி நெடியும் பழைய வியர்வையும் சேர்ந்து அறையில் மூச்சடைத்தது. மின்விசிறி கறக் கறக்கென்று சுற்ற, அந்தச் சத்தத்துக்கு அடியில், காலி நாற்காலிப் பக்கமிருந்து இன்னொரு சத்தம், யாரோ களைத்துப்போய் மூச்சு விடுவது போல, விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது.

தையல்காரரை விலங்கோடு கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டுக் காவலர் வெளியே போனார். தையல்காரர் அவளைப் பார்த்தார். அவளுக்குப் பக்கத்திலிருந்த காலி நாற்காலியைப் பார்த்தார். மறுபடி அவளை.

"மேடம், நீங்க ரெண்டு பேரா இருக்கீங்களே."

அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது. அப்பாடா, குணமாகவில்லை! அப்படியே எழுதிவிடலாம். மனுஷர் பிழைத்துக்கொள்வார். பேனாவை எடுத்தாள்.

பக்கத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவளுடைய செருமல். அவளுடைய சோப்பு வாசனை. கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

"பதறாதீங்க. யாராவது இப்படிக் கண்ணுக்குத் தெரிஞ்சா என்ன செய்யணும்?"

அவள் குரல்தான். அவள் வாயைத் திறக்கவில்லை.

"தொட்டுப் பாக்கணும் மேடம். கையில தட்டுப்படலேன்னா ஆள் இல்ல. இல்லாத ஆளைப் பாக்கவும் கூடாது, காது கொடுக்கவும் கூடாது."

அவள் மாதக்கணக்காகச் சொல்லிக்கொடுத்த பாடம். தம்பியை விரட்டியதும் அதுதான்.

"வேண்டாம்," என்றாள் அவசரமாக. "தொடாதீங்க. உங்களுக்கு இன்னும் குணமாகல. அப்படியே இருங்க, பிழைச்சுக்குவீங்க!"

விலங்கு குலுங்கியது. அவர் முதலில் பக்கத்து நாற்காலியை நோக்கிக் கை நீட்டினார்.

"இருக்காங்க. சூடா இருக்கு."

பிறகு அவளை நோக்கி. அவள் அசையவில்லை. தொடட்டும். ஒரு தடவை தொடட்டும். விரல்கள் அவள் மணிக்கட்டுக்கு வந்தன. நிற்கவில்லை. அதனூடே இறங்கி, கீழே மேசையைத் தொட்டன.

"இவங்க இல்ல மேடம்."

"சபாஷ்," என்றது பக்கத்து நாற்காலிக் குரல்.

பேனா அவள் விரல்களிலிருந்து நழுவி விழுந்தது. பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு அதை எடுத்தது. அவள் கைதான், நகக்கண்ணில் நேற்று வெட்டிய காயம்கூட இருந்தது. சான்றில் கையெழுத்துப் போட்டது.

"குணமாயிட்டேனா மேடம்?"

"முழுசா."

தையல்காரர் அழுதுகொண்டே கும்பிட்டார். அவள் எழுந்து, அவர் முகத்துக்கு நேராக நின்று, தொண்டை கிழியக் கத்தினாள்.

அவர் கண்கள் இமைக்கவில்லை. அவளைத் தாண்டி, பின்னாலிருந்த சுவரையே பணிவாகப் பார்த்துக்கொண்டிருந்தன.