வலப்பக்கத்துப் பூட்டு

"ஏலப்பாறைக்கு வந்து துப்பாக்கி பார்த்த அய்யா நீங்கதானா?"

கொழிஞ்சாம்பாறையில் அர்த்தநாரி வீட்டு வாசலில் நின்று அந்தப் பெண் கேட்டபோது பொங்கியண்ணனுக்குக் குஷி தாங்கவில்லை. அக்காள் புருஷனைத் தேடி யாராவது வந்தாலே அவனுக்கு அப்படித்தான். தோப்பும் வயலும் வேண்டிய அளவு இருந்தும் அர்த்தநாரிக்குப் பித்தெல்லாம் காற்றுத் துப்பாக்கிகள் மேல். அசல் பட்டாளத் துப்பாக்கியை அச்சாக உரித்து வைத்தாற்போல, ஆனால் வெறும் ஈயக்குண்டு போடும்படி செய்த துப்பாக்கிகளை ஒரு பீரோ நிறைய வைத்திருந்தார். எது எந்த ஆலையில் பிறந்தது, எதில் எதை மாற்றினார்கள் என்று பார்த்ததுமே சொல்லிவிடுவார். அந்தக் கூர்மையை நம்பித் துப்புக் கேட்டும் ஆட்கள் வருவதுண்டு.

இவள் துப்புக் கேட்டு வரவில்லை, நியாயம் கேட்டு வந்திருந்தாள்.

"நான் ராமுத்தாய். ஆபீஸ் காவல்காரர் பெரியமுத்து என் வீட்டுக்காரரு. நீங்க 'இது அதில்லை'ன்னு ஒத்த வார்த்தை சொல்லிட்டு ஜீப்புல ஏறிப் போயிட்டீக. அவரு திருடன்னு ஆயிட்டாரு. ஞாயித்துக்கெழமைக்குள்ள நல்ல துப்பாக்கியக் குடுக்கலைன்னா எஸ்டேட் லயத்து வீட்டைக் காலி பண்ணணுமாம். புள்ளைகளக் கூட்டிக்கிட்டு நான் எங்கய்யா போவேன்?"

அர்த்தநாரியின் முகம் சுண்டிப்போனது. ஊருக்குக் கப்பலேறிய வெள்ளைக்காரத் துரை, ஏலப்பாறை எஸ்டேட் ஹெட் கிளார்க் சுவக்கீனுக்கு ஒரு துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சுவக்கீன் அதைப் பெட்டியில் பூட்டியதோடு சரி. சென்ற மாதம் படமெடுத்து அர்த்தநாரிக்கு அனுப்பியிருந்தார். அதைச் செய்த ஆலையின் துப்பாக்கிகளில், தவறிச் சுடாமல் தடுக்கும் விசைப்பூட்டு எப்போதும் இடப்பக்கம்தான் இருக்கும். படத்தில் வலப்பக்கம் இருந்தது. இடக்கைக்காரர்களுக்கென்று சோதனையாகச் சிலவற்றைச் செய்து கைவிட்டார்கள் என்று அர்த்தநாரி கேள்விப்பட்டதுண்டு. ஆசையாய் ஓடினார். கையில் வாங்கிப் பார்த்தால் பூட்டு இடப்பக்கம் இருந்தது.

படமெடுக்கக் குமுளிக்குத் துப்பாக்கியைக் கொண்டுபோய் வந்தவர் பெரியமுத்து.

"வழியிலயே மாத்தியிருப்பான் மச்சான்," என்றான் பொங்கியண்ணன். "குமுளிக்கு ஏலக்கா யாவாரத்துக்கு எந்தெந்த ஊர்க்காரனோ வர்றான்."

"சித்த சும்மா இருங்க மாப்ளே."

அர்த்தநாரி படத்தை எடுத்து வந்தார். ஒரே ஒரு கை, துப்பாக்கியின் குழலைப் பற்றித் தூக்கிக் காட்டியது. ஆலையின் பெயர் பொறித்த இடத்தை விரல்கள் மறைத்திருந்தன. ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது.

"இது யாரு கைங்க அம்மிணி?"

"அவுக கைதான். ஸ்டுடியோக்காரர் தூக்கிப் பிடிக்கச் சொன்னாராம். தேயிலை பேக்டரி ரோலர்ல மாட்டி வெரலு நசுங்கிப்போச்சு. நல்லவேளை, சோறு திங்கிற கை தப்பிச்சுது."

அர்த்தநாரி படத்தின்மேல் தம் கையை ஒருமுறை வைத்துப் பார்த்தார்.

"கெளம்புங்க மாப்ளே. கம்பம் வழியாப் போலாம். குமுளியில ஒரு வேலை இருக்குது."

மறுநாள் ஏலப்பாறை ஆபீசில் மலைமஞ்சு ஜன்னலை அடைத்து நின்றது. சுவக்கீன் நாற்காலியில் இருந்தார். பெரியமுத்து சுவரோரம் ராமுத்தாயோடு நின்றார், தோள்துண்டில் கை பொதிந்திருந்தது. திருடனின் முகம் எப்படியிருக்கும் என்று பார்க்க வந்த பொங்கியண்ணனுக்கு அந்த முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

"படம் பொய் சொல்லுமா சார்?" என்றார் சுவக்கீன்.

"பொரட்டிப் போட்டாச் சொல்லுமுங்க," என்றார் அர்த்தநாரி. "பெரியமுத்து, அன்னிக்குப் புடிச்ச மாதிரியே புடிங்க."

பெரியமுத்து தயங்கி, இடது கையால் துப்பாக்கியைத் தூக்கினார். அர்த்தநாரி படத்தைப் பக்கத்தில் பிடித்தார்.

"கட்டைவெரலு எந்தப் பக்கமுன்னு பாருங்க. படத்துல இருக்கறது வலது கை. அதுல ஒரு வெரலு கொறைஞ்சிருக்குது. இவரு வலது கையில அஞ்சு வெரலும் முழுசா இருக்குது. அப்ப படத்துல கை மாறியிருக்குது. கை மாறுனா பூட்டும் மாறித்தானுங்களே ஆகோணும்?"

இன்னொரு படத்தை மேசைமேல் வைத்தார். இதில் குறைவிரலும் பூட்டும் இருக்க வேண்டிய பக்கத்தில் இருந்தன.

"நெகட்டிவ் பொரண்டிருந்திருக்குது. நேத்து ஸ்டுடியோக்காரரே சரியாப் போட்டு எடுத்துக் குடுத்தாரு. ஆலை பேரு படத்துல தெரிஞ்சிருந்தா எழுத்தும் கண்ணாடியில தெரியற மாதிரி திரும்பி அப்பவே காட்டிக் குடுத்திருக்கும். வெரலு மறைச்சிருச்சு."

"அப்போ அந்த அபூர்வத் துப்பாக்கி?"

"அது இங்க இருந்ததே இல்லீங்க. இருக்கோணும்னு நான் ஆசைப்பட்டேன். அந்த ஆசையில ஒரு மனுசனைத் திருடனாக்கிப்போட்டேன்." அர்த்தநாரி பெரியமுத்துவின் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "மன்னிச்சுக்குங்க."

சுவக்கீன் ஏமாற்றத்தோடு துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, நீ போய் வேலையப் பாரு," என்றார், தலை நிமிராமல்.

பெரியமுத்து நகர்ந்தார். ராமுத்தாய் நகரவில்லை, சுவக்கீனைப் பார்த்துக் கேட்டாள்.

"பூட்டு எந்தப் பக்கம்னு அம்புட்டு நுணுக்கமாப் பார்த்தீகளேய்யா. இந்தப் படத்தையும் உங்க கையாலதான் அனுப்புனீக. வெரலு போன நாள்ல இருந்து இந்த மனுசன் உங்க மேசையில டீ வைக்கிறாரு. எந்தக் கையில வெரலு இல்லைன்னு உங்களுக்குத் தெரியலையே?"

சுவக்கீன் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். அதற்குள் பெரியமுத்து, பழக்கதோஷத்தில், இடது கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டுவிட்டார்.